பேட்டரி வெப்பநிலை சென்சார்: மாற்றியது சென்சாரை, கெட்டிருந்தது வயர்

எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்து, வண்டியின் கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரில் பி0517 என்ற குறியீடு வந்ததும், வண்டியை விட்டிருந்த பட்டறையில் வேறெந்தச் சோதனையும் செய்யாமல் பேட்டரி வெப்பநிலை சென்சாரை மாற்றினார்கள். பணத்தைக் கட்டி வண்டியை எடுத்து வந்த சில நாட்களில் அதே விளக்கு மறுபடியும் எரிந்தது. திரும்பக் கொண்டுபோய்க் கேட்டபோது, அப்படியானால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்தான் போயிருக்கும், அதையும் மாற்றிவிடலாம் என்று சர்வசாதாரணமாகச் சொன்னார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஏனென்றால், பி0517 என்ற குறியீடு சென்சார் கெட்டுவிட்டது என்று சொல்வதில்லை. அந்த சென்சாரின் மின்சுற்றில் வோல்டேஜ் அளவுக்கு மேல் இருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது.

அந்த வேறுபாட்டில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. கம்ப்யூட்டர் பொதுவாக 5 வோல்ட்டை ஒரு மின்தடை வழியாக அனுப்புகிறது. சென்சாருக்குள் இருக்கும் தெர்மிஸ்டரின் மின்தடை சூடு ஏற ஏறக் குறைவதால், வோல்டேஜும் அதற்கேற்ப இறங்குகிறது. சுற்று எங்காவது அறுந்துபோனால் வோல்டேஜ் இறங்க வழியின்றி 5 வோல்ட்டிலேயே நிற்கும். கம்ப்யூட்டர் அதைக் கடுங்குளிர் என்று எடுத்துக்கொள்ளும். என் வண்டியில் எஞ்சின் நன்றாகச் சூடேறியிருந்த வேளையிலும் ஸ்கேனரின் நேரடி அளவீட்டில் பேட்டரியின் வெப்பநிலை மைனஸ் 40 டிகிரி என்றே தெரிந்தது. இதை அலட்சியப்படுத்தக் கூடாது. குளிரில் சார்ஜிங் வோல்டேஜைக் கூட்டியும் வெப்பத்தில் குறைத்தும் கொடுக்கத்தான் இந்த சென்சார் இருக்கிறது. தவறான அளவை நம்பி வோல்டேஜ் கூடுதலாகவே போய்க்கொண்டிருந்தால், ஈய-அமில பேட்டரியில் நீர் வற்றி அதன் ஆயுள் குறையும்.

கம்ப்யூட்டரை மாற்றச் சம்மதிக்காமல் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, சென்சார் கனெக்டரைக் கழற்றி, வயர் பக்கத்து இரண்டு முனைகளையும் ஒரு மெல்லிய கம்பியால் இணைத்தேன். சுற்று சரியாக இருந்தால் அளவீடு மைனஸ் 40 இலிருந்து ஒரேயடியாக உச்ச வெப்பத்துக்குத் தாவ வேண்டும். தாவியது; ஆனால் வயரைச் சற்று அசைத்ததும் மறுபடியும் மைனஸ் 40க்கு விழுந்தது. கம்ப்யூட்டர் நலமாக இருக்கிறது, கோளாறு வயரில் இருக்கிறது என்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. பெரியதொரு செலவு தப்பிய நிம்மதியைச் சொல்லி முடியாது. (இரண்டு வயர் கொண்ட சாதாரண தெர்மிஸ்டர் சென்சாருக்கு மட்டுமே இந்தச் சோதனை பொருந்தும். நெகட்டிவ் முனையின் பிடியிலேயே பொருத்தப்பட்டு, கம்ப்யூட்டருக்குத் தரவு அனுப்பும் வகை சென்சாரில் இப்படி இணைக்கக் கூடாது. மின்சார, ஹைபிரிட் வண்டிகளின் உயர் மின்னழுத்த பேட்டரிப் பக்கம் கையே வைக்க வேண்டாம்.)

இரண்டாம் முறை கொண்டுபோனபோது பட்டறையில், மல்டிமீட்டரால் வயரையும் பார்த்தோம், இணைப்பு இருப்பதைக் காட்டும் பீப் ஒலி வந்தது என்று சொல்லியிருந்தார்கள். வந்திருக்கும், ஒரே ஓர் இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் பீப் ஒலி வரும். எஞ்சின் அதிர்வில் அந்த இழை விட்டுவிட்டுத் தொடும்போதுதான் கோளாறு வெளிப்படும். ஆகவே, ஒருவர் வயரைக் கனெக்டரிலிருந்து சிறிது சிறிதாக அசைத்துக்கொண்டே வர, இன்னொருவர் ஸ்கேனர் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதே சரியான சோதனை.

பேட்டரியைத் தாங்கும் தட்டின் ஓரத்தில் வயர் வளையும் இடத்தில் மேலுறை முழுதாகவே தெரிந்தது. ஆனால் விரலால் அழுத்தியபோது உள்ளே ஒன்றுமில்லாததுபோல் அமுங்கியது. பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி வைத்துவிட்டு உறையைக் கீறிப் பார்த்தால், செம்பு கறுத்துப் பச்சைத் தூளாக உதிர்ந்தது. பேட்டரி அமிலம் உறைக்குள் வெகுதூரம் ஏறியிருந்ததால், பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டியிருந்தது. இதில் கஞ்சத்தனம் பார்த்துக் கறுத்த கம்பியிலேயே ஒட்டுப்போட்டால் அது மறுபடியும் விட்டுப்போகும்.

அதே தடிமனுள்ள புது வயரைச் சேர்த்து, ஈயப்பற்று வைத்து, உட்புறம் பசையுள்ள, சூடுபட்டால் சுருங்கும் குழாயால் மூடி, தட்டில் உராயாதபடி கட்டினேன். தட்டில் படிந்திருந்த அமிலத்தைச் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவினேன்.

பட்டறையில் கழற்றிய பழைய சென்சாரைக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். எந்தப் பாகத்தை மாற்றினாலும் பழையதைக் கேட்டு வாங்கிவிடுங்கள். அதை ஐஸ் நீரிலும் வெந்நீரிலும் மாறி மாறி வைத்து ஓம் அளவைப் பார்த்தபோது, மின்தடை சீராக ஏறி இறங்கியது. நல்ல சென்சாரைத்தான் கழற்றியிருக்கிறார்கள். அதைக் காட்டிப் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, பொருத்திய பாகத்தைத் திரும்ப எடுக்க முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள். குறியீட்டை அழித்துவிட்டு, இரவெல்லாம் நின்றிருந்த வண்டியின் அளவீட்டைக் காலையில் பார்த்தேன். வெளிக்காற்றின் வெப்பநிலையோடு ஒத்துப்போனது. அதன் பிறகு அந்த விளக்கு எரியவில்லை.