ரப்பர்னு சொல்றோம், ஆனா அது ரப்பர் இல்ல

வாரத்துக்கு ரெண்டு மூணு போனாவது இப்படி வந்துரும். "மேடம், ரப்பர் ஸ்டாம்புக் கடைதானே? ஹெட்மாஸ்டர் சீல் ஒண்ணு வேணும், நாளைக்குள்ள கிடைக்குமா?" நான் சீல் பண்றதில்லங்க, கையால ஸ்டாம்பு செதுக்கறதுக்கான கட்டி, உளி, இங்க் இதெல்லாம்தான் விக்கிறேன்னு சொன்னா அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அப்புறம் மெதுவா, "கையாலயா? எதுக்குங்க?"ன்னு கேப்பாங்க.

எதுக்குன்னா, வீட்ல சோப்பு காய்ச்சி விக்கிறவங்க கவர்ல பேர் அடிக்க, துணிப்பைல டிசைன் போட, டைரில ஒட்ட, கல்யாண தாம்பூலப் பைல கோலம் அடிக்க. எங்கிட்ட வாங்கறவங்கள்ல முக்கால்வாசிப் பேர் பெண்கள், கொஞ்சம் ட்ராயிங் டீச்சருங்க, கொஞ்சம் காலேஜ் பசங்க. ஸ்ரீரங்கத்துல வீட்டு மாடி ரூம்ல நாலு வருஷமா நடத்திட்டிருக்கேன். இந்த நாலு வருஷத்துல நான் பட்ட நஷ்டம் பாதி ஒரே காரணத்தாலதான், விக்கிற பொருள் என்னன்னு எனக்கே சரியா தெரியாம இருந்தது.

ரப்பர்னு நாம சொல்ற அந்த வெள்ளைக் கட்டி, பசங்க பென்சில் பாக்ஸ்ல இருக்கிற ரப்பர் மாதிரியே இருக்குமே, அது மரத்துப் பால்லேர்ந்து வர்ற ரப்பரே இல்ல. பிவிசி. அதாவது தண்ணிக் குழாய்க்குப் போடற அதே பிவிசிதான், ஆனா அதுல எண்ணெய் மாதிரி ஒரு கெமிக்கல நெறைய சேத்து மெத்துன்னு ஆக்கியிருப்பாங்க. ஜப்பான்ல இந்த அழிரப்பர்ல ஸ்டாம்பு செதுக்கறது தனிக் கலையாவே இருக்கு, 'கேஷிகோமு ஹாங்கோ'ன்னு பேரு. நான்சி செகின்னு ஒரு அம்மா, டிவில வர்ற ஆளுங்க மூஞ்சிய அழிரப்பர்ல செதுக்கி, பக்கத்துலயே விமர்சனமும் எழுதி ஜப்பான் முழுக்க பேர் வாங்கினவங்க. 2002ல 39 வயசுலயே இறந்துட்டாங்க. அவங்க படங்களப் பாத்துதான் எனக்கே இந்தக் கிறுக்கு பிடிச்சுது. ஒரு கோடு, ரெண்டு கோடு, அதுக்குள்ள ஆளோட குணமே வந்து உக்காந்திருக்கும்.

சரி, அந்த எண்ணெய் விஷயத்துக்கு வரேன். முதல் வருஷம் சித்திரை மாசம் கோயம்புத்தூர்லேர்ந்து ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு நாப்பது கட்டி ஆர்டர் வந்துச்சு, அதுவரைக்கும் அவ்ளோ பெரிய ஆர்டர் நான் பாத்ததே இல்ல. வெயில் தாங்கணுமேன்னு பாத்துப் பாத்து தெர்மாகோல் பாக்ஸ் வாங்கி, கட்டிகள ஒண்ணொண்ணா அடுக்கி அனுப்பினேன். நடுவுல லீவு வந்ததால பார்சல் கோடவுன்லயே ஒரு வாரம் கிடந்துச்சு. பிரிச்சதும் ஆர்டர் பண்ண அம்மா போட்டோ அனுப்பினாங்க. ஓரத்துல இருந்த கட்டியெல்லாம் தெர்மாகோலுக்குள்ள குழி பறிச்சு இறங்கி, பசை மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. பிச்சு எடுத்தா வெள்ளை வெள்ளையா பிசிறு. எனக்கு கை கால் ஓடல. திரும்ப நாப்பதும் அனுப்பினேன், கூரியர் செலவோட சேத்து ஆறாயிரம் ரூபா போச்சு.

அப்புறம்தான் உக்காந்து படிச்சேன். அந்தக் கட்டில இருக்கிற எண்ணெய் மெதுவா வெளிய வந்துக்கிட்டே இருக்கும், அது தெர்மாகோல் மாதிரி பிளாஸ்டிக்க எல்லாம் இளக்கிரும், சூடு இருந்தா இன்னும் வேகமா. சின்ன வயசுல ஜாமெட்ரி பாக்ஸ்ல ரப்பரும் பிளாஸ்டிக் ஸ்கேலும் ஒட்டிக்கிட்டு, பிச்சா ஸ்கேல்ல ரப்பர் அச்சு அப்படியே பதிஞ்சிருக்குமே, அதேதான் இது. ரப்பருக்கு பேப்பர் சட்டை போட்டு விக்கிறதும் அதுக்காகத்தான். இப்ப ஒவ்வொரு கட்டியையும் சாதா பேப்பர்ல சுத்தி, அட்டைப் பெட்டில வெச்சுதான் அனுப்பறேன். செதுக்கி முடிச்ச ஸ்டாம்பையும் பிளாஸ்டிக் டப்பால போடாதீங்க, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்காதீங்க, நடுவுல ஒரு பேப்பர் வைங்கன்னு ஒவ்வொரு பார்சல்லயும் கைப்பட எழுதி வெக்கறேன். இது ஒண்ண எல்லாரும் தெரிஞ்சுக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை, ஏன்னா ரெண்டு நாள் உக்காந்து செதுக்கினது டப்பாவோட ஒட்டி நாசமாப் போனா மனசு விட்டுப் போயிரும், அப்புறம் அவங்க உளியத் தொடவே மாட்டாங்க.

செதுக்கறதுக்கு நான் விக்கிற இன்னொரு ஷீட்டு லினோ, அதாவது லினோலியம். அதோட கதை இதுக்கு நேர் எதிர். அது ஆளிவிதை எண்ணெயையும் கார்க் தூளையும் கலந்து, சணல் துணி மேல படிய வெச்சு பண்றது, இங்கிலாந்துல ஃபிரெடரிக் வால்டன்னு ஒருத்தர் 1860கள்ல தரைக்குப் போடத்தான் கண்டுபிடிச்சார். அந்த எண்ணெய் காத்துல காயக் காய லினோ கெட்டியாயிரும், பழசானா உளி வெச்சதும் பொருபொருன்னு உதிரும். விலை கம்மியா வருதேன்னு ஒரு தடவ மொத்தமா வாங்கி வெச்சுட்டேன், ஒன்றரை வருஷம் கழிச்சு அத யாருக்கும் விக்க மனசு வரல. இப்ப மூணு மாசத்துக்கு மேல ஸ்டாக் வெக்கறதில்ல, பின்னாடி தேதி எழுதிருவேன். குளிர் நாட்ல லினோவ சூடு காட்டி இளக்கிட்டு வெட்டுவாங்களாம், நம்மூர்ல மே மாசம் அந்தக் கவலையே இல்ல, கத்தி வெண்ணெய்ல போற மாதிரி போகும்.

புதுசா கத்துக்கறவங்க எல்லாரும் பண்ற ஒரு விஷயம், படத்தோட கோட்ட விட்டுட்டு சுத்தி இருக்கிறத எல்லாம் எடுக்கப் பாப்பாங்க. கோடு அறுந்துரும், அழுதுருவாங்க. அவங்ககிட்ட நான் ஓவியர் நந்தலால் போஸ் 1930ல பண்ண காந்தி படத்தப் பாக்கச் சொல்றேன், தண்டி யாத்திரைல கம்பு ஊன்றி நடக்கிற படம், எல்லாரும் எங்கயாச்சும் பாத்திருப்பீங்க. அது லினோல செதுக்கி அச்சடிச்ச லினோகட்தான். முழுக்க கறுப்பு, கோடு மட்டும் வெள்ளை. அதாவது கோட்டையேதான் செதுக்கி எடுத்திருக்கார். உளி போன பாதைதான் காந்தி. முதல் ஸ்டாம்ப அந்த மாதிரி பண்ணுங்க, புள்ளிக் கோலத்த அப்படிப் பண்ணா ஒரு மணி நேரத்துல முடியும், கரும்பலகைல சாக்பீஸ்ல போட்ட மாதிரி அழகா வரும்.

தமிழ் எழுத்து செதுக்கறவங்களுக்கு இன்னொரு தொல்லை, அடிக்கும்போது இடவலம் மாறிரும். ப, ஃ ரெண்டும் தப்பிச்சிரும், மத்ததெல்லாம் திருப்பித்தான் செதுக்கணும். மண்டைய உடைச்சுக்க வேணாம், ட்ரேசிங் பேப்பர்ல நேரா, மெத்துன்னு கறுப்பா எழுதற 4பி பென்சில்ல எழுதி, பேப்பரக் கவுத்து கட்டி மேல வெச்சு நகத்தால தேய்ச்சா அதுவே திரும்பி விழுந்துரும். ணகரத்துக்குள்ள இருக்கிற சுழி ஓட்டைய முதல்ல எடுத்துருங்க, சுத்தி இருக்கிற சுவர் தடிமனா இருக்கும்போதே. கடைசில எடுக்கப் போனா சுவர் பிஞ்சிரும். வளைவு வந்தா உளியத் திருப்பாதீங்க, கட்டியத் திருப்புங்க. இடது கைய எப்பவும் உளிக்குப் பின்னாடி வெச்சுக்கங்க, இத மட்டும் கெஞ்சிக் கேக்கறேன்.

பணத்தப் பத்தி கேக்கறாங்க, சொல்றேன். ஏழுக்கு அஞ்சு சென்டிமீட்டர் கட்டி அறுவது ரூபாக்கு விக்கிறேன், அதுல எனக்கு நிக்கிறது பதினஞ்சு ரூபா. பெரிய ஷீட்டா வாங்கி நானே வெட்டறேன், பேப்பர் வெட்டற மெஷின்ல போட்டா அழுத்தத்துல ஓரம் சாஞ்சுரும், அதனால ஸ்டீல் ஸ்கேல் வெச்சு புது பிளேடால நாலஞ்சு தடவ மெதுவா இழுக்கணும். ஸ்டேஷனரி சாமானெல்லாம் சென்னை ஆண்டர்சன் தெருவுல போய் எடுத்துட்டு வருவேன். வீட்டு வாடகை கட்ற அளவுக்கு வருது, அவ்ளோதான். ஆனா முதல் தடவ கேக்கறவங்ககிட்ட எங்கிட்ட வாங்காதீங்கன்னுதான் சொல்றேன், பக்கத்துப் பெட்டிக்கடைல அஞ்சு ரூபாக்கு வெள்ளை அழிரப்பர் வாங்கி அதுல ஒரு இலை செதுக்கிப் பாருங்க, பிடிச்சிருந்தா வாங்கன்னு. வீட்டுக்காரர் இதுக்கு ரொம்ப நாள் சண்டை போட்டார். அப்படிப் போனவங்கள்ல நெறைய பேர் திரும்பி வந்திருக்காங்க, வரும்போது என்ன உளி வேணும்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கும், அதனால ரிட்டர்னே வர்றதில்ல.

போன வாரம் தஞ்சாவூர்லேர்ந்து ஒரு பொண்ணு, "அக்கா, எனக்குக் கை நடுங்குது போல, கோடெல்லாம் பிசிறு பிசிறா வருது, எனக்கு இது செட் ஆகாது"ன்னு மெசேஜ் போட்டிருந்துச்சு. உளிய போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். முனை மழுங்கி வெளிச்சத்துல பளபளன்னு மின்னுது. கை இல்லம்மா, உளிதான்னு சொல்லி, பழைய தோல் பெல்ட்ல பாலிஷ் மெழுகு தடவி பின்பக்கமா இழுக்கச் சொல்லி வீடியோ எடுத்து அனுப்பினேன். ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு தும்பி வந்துச்சு, ரெக்கைல நரம்பு நரம்பா, ஒரு பிசிறு கூட இல்லாம.

அப்புறம் ஒரு அறிவிப்பு. ஏப்ரல்லேர்ந்து ஜூன் வரைக்கும் வெள்ளி, சனில பார்சல் போடமாட்டேன், ஞாயித்துக்கிழமை கோடவுன் தகரக் கூரைக்கு அடில கட்டி வேகறத என்னால இனிமே தாங்க முடியாது. அவசரமா வேணும்னா புதன்கிழமைக்குள்ள சொல்லிருங்க.