சீ.ஆர். கொப்பியில் எழுதிய அகதிக் கணக்கு

கிளிநொச்சியில் பதினொரு வருடம் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவள் நான். எதையும் கோடு போட்டு, பற்று வரவு பார்த்தால்தான் எனக்கு மனதில் நிற்கும். 2023 பெப்ரவரியில் ஏழு வயது மகனோடு இங்கிலாந்தில் ஒரு ஹோட்டல் அறைக்குள் போன அன்றிரவே, கடையில் வாங்கிய ஒரு சீ.ஆர். கொப்பியை, தடித்த மட்டை போட்ட கோட்டுக் கொப்பியை, எடுத்துத் தேதி போட்டேன். அப்போது இடது பக்கம்தான் எழுதினேன்: எங்கள் கைக்கு வந்த காசும் அது போன வழியும்.

நான் ஏன் ஊரை விட்டு வந்தேன் என்பதை லோயரிடமும் இன்டர்வியூவிலும் சொல்லி முடித்துவிட்டேன். அதை இங்கே எழுதவில்லை. காத்திருந்த காலத்தை எப்படிக் கடந்தோம், அதற்கு இந்த நாடு என்ன செலவழித்தது என்பதை எழுத வேண்டும் போல் பல நாளாக இருக்கிறது.

வந்த புதிதில் ஈஸ்ட்ஹாமில் மச்சாள் வீட்டில் இருந்தோம். குரொய்டனில் உள்துறை அமைச்சின் அலுவலகமான லூனார் ஹவுஸுக்குப் போய் அசைலம், அதாவது அகதிப் புகலிடம், கேட்டு, கைரேகை கொடுத்து, முதல் இன்டர்வியூவும் முடிந்தது. மச்சாளுக்கு மூன்று பிள்ளைகள், இரண்டு அறை. வீட்டுக்காரர் ஆட்களை எண்ணத் தொடங்கிவிட்டார். செக்‌ஷன் 95 உதவிக்கு விண்ணப்பிக்கச் சொன்னார் லோயர். 1999ஆம் ஆண்டுச் சட்டத்தில் வரும் பிரிவு அது. கையில் வழியில்லாதவர்களுக்கு இருக்க இடமும் செலவுக்குக் கொஞ்சக் காசும் கிடைக்கும். எந்த ஊரில் இடம் என்பதை நாங்கள் தீர்மானிக்க முடியாது.

அந்தப் படிவம் பெரியது. வங்கிக் கணக்கில் வந்து போன ஒவ்வொரு தொகைக்கும் விளக்கம் கேட்பார்கள். இதுவரை யார் பார்த்தார்கள், இனி ஏன் பார்க்க முடியாது என்று அவர்களே கடிதம் தர வேண்டும். மச்சாள் அந்தக் கடிதத்தை எழுதும்போது அழுதாள். "உன்னை வெளியில போ எண்டு நானே கையெழுத்து வைக்கிற மாதிரி இருக்கடி." இப்போது விண்ணப்பிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அனுப்புகிற ஒவ்வொரு தாளையும் போனில் படம் எடுத்து வையுங்கள். என்னுடைய தாள்கள் ஒரு தடவை காணாமல் போய், திரும்ப அனுப்ப வேண்டி வந்தது. படம் இருந்ததால் தப்பினேன்.

ஹோட்டல் என்றதும் ஊரில் என் அக்கா சந்தோஷப்பட்டாள். ஓர் அறை, இரண்டு கட்டில், திறக்காத ஜன்னல், கொதிகேத்தல் ஒன்று. சமைக்க விடமாட்டார்கள். மூன்று வேளையும் பிளாஸ்ரிக் தட்டில் மூடி வரும். மகன் உறைப்பில்லாத அந்தச் சோற்றை இரண்டு வாயோடு தள்ளிவிடுவான். இரவு கறுப்புப் பைகளில் மிச்சச் சாப்பாட்டைக் கட்டி வெளியே வைப்பார்கள். நாலு பை, ஐந்து பை. சங்கத்தில் அரிசி மூட்டையின் அடியில் சிந்தியதைக் கூட்டி நிறுத்துப் பதிந்த எனக்கு அந்தப் பைகளைத் தாண்டிப் போகக் கால் வராது. யாரோ உழைத்துக் கட்டிய வரி அது.

சாப்பாடு தருகிற இடம் என்பதால் கையில் தந்தது ஓர் ஆளுக்குக் கிழமைக்கு 9 பவுண் 10 பென்ஸ். பிறகு 9.58 ஆனது. 2024 ஜனவரியில் 8.86க்கு இறங்கியது. அஸ்பென் கார்ட் என்ற அட்டையில் வரும். அப்போது ஒரு தரம் பஸ்ஸில் ஏற 2 பவுண், போய்வர 4. அதனால் எங்கும் நடைதான். மகனுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்க மூன்று கிழமை சேர்த்தேன். மாரிக்கு மேலங்கியை அவனுடைய ரீச்சர் தன் காசில் வாங்கிக் கொடுத்தா. அதையும் கொப்பியில் எழுதினேன், விலை தெரியாததால் தொகைக்குப் பதில் "நன்றி" என்று.

அந்த வருடம் ஒரு சனிக்கிழமை ஹோட்டல் வாசலில் இருபது முப்பது பேர் பதாகை பிடித்து நின்றார்கள். மேல்மாடி ஜன்னலில் நின்று மகன் எழுத்துக்கூட்டி வாசித்தான். "அம்மா, ஒரு நாளைக்கு எட்டு மில்லியன் எண்டால் எவ்வளவு? அது எங்களுக்கோ?"

அன்றுதான் வலது பக்கத்தில், இந்த நாடு செலவழித்ததை, எழுதத் தொடங்கினேன்.

எட்டு மில்லியன் பவுண் பொய்யில்லை. அந்த நேரம் ஹோட்டல்களுக்கு நாளொன்றுக்கு அவ்வளவு போகிறது என்று அரசாங்கமே சொன்னது. பதாகை பிடித்தவர்களின் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். வாடகை கூடி, டொக்டரைப் பார்க்க நாள் கணக்கில் காத்திருக்கிற சனம் அது. ஆனால் அந்தக் காசு எங்களைத் தாண்டித்தான் போனது. அறைக்கும், தட்டுச் சாப்பாட்டுக்கும், வாசல் காவலுக்கும், நடுவில் நிற்கிற ஒப்பந்தக்காரருக்கும் போனது. 2025 மே மாதம் தேசியக் கணக்காய்வு அலுவலகம் வெளியிட்ட அறிக்கையை அகராதி வைத்து வாசித்தேன். 2019இல் தொடங்கிய பத்து வருடத் தங்குமிட ஒப்பந்தங்களுக்கு முதலில் போட்ட மதிப்பு 450 கோடிப் பவுண். அந்த அறிக்கை 1,530 கோடி வரும் என்றது. 2024-25இன் முதல் ஏழு மாதத்தில் தங்கவைக்கப்பட்டவர்களில் 35 வீதம் பேர்தான் ஹோட்டலில். ஒப்பந்தச் செலவில் 76 வீதம் அந்த ஹோட்டல்களுக்கு.

ஏன் ஹோட்டல்? முடிவு சொல்ல ஆளில்லாமல் விண்ணப்பங்கள் குவிந்ததால். 2023 ஜூன் முடிவில் முதல் முடிவுக்காகக் காத்திருந்தவர்கள் 175,000க்கு மேல். ஆம் என்றோ இல்லை என்றோ நேரத்துக்குச் சொல்லியிருந்தால் இந்தத் தொகையில் பெரும்பங்கு செலவாகியே இராது. சங்கத்தில் இப்படியொரு கணக்கை மேலிடத்துக்குக் கொண்டுபோனால் முதல் கேள்வியே "ஏன் தாமதம்?" என்றுதான் வரும்.

இன்னொரு வரி என்னை மிகவும் வருத்தியது. அசைலம் கேட்டவர்கள், அகதிகளாக வந்தவர்கள் ஆகியோரின் முதல் வருடச் செலவை வெளிநாட்டு உதவி நிதியில் எழுத விதிகள் இடம் தருகின்றன. 2023இல் அப்படி எழுதியது ஏறக்குறைய 430 கோடிப் பவுண், பிரிட்டனின் முழு உதவியில் நாலில் ஒரு பங்குக்கும் மேல். போர் முடிந்தபின் எங்கள் பக்கத்து வயல்களில் கண்ணிவெடி எடுக்கப் பிரிட்டனும் காசு கொடுத்தது. தலைக்கவசம் போட்ட பெண்கள் முழங்காலில் நின்று மண்ணைக் கிளறுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த மாதிரி வேலைக்குப் போக வேண்டிய காசு, ஹோட்டல் பின்கதவில் கறுப்புப் பையாகக் கிடந்தது.

2024 மார்ச்சில் வட இங்கிலாந்தில் ஒரு சிறு வீட்டுக்கு மாற்றினார்கள். எரித்திரியப் பெண் ஒருவரும் அவருடைய மகளும் ஓர் அறையில், நாங்கள் மற்றதில். குசினி இருந்தது. கிழமைக்கு ஆளுக்கு 49 பவுண் 18 பென்ஸ், நாளுக்கு ஏழு பவுண் வரும். முதல் நாள் கோதுமை மா வறுத்துப் புட்டு அவித்தேன். மகன் மூன்று தரம் போட்டுத் தின்றான்.

வேலை செய்ய அனுமதி இருக்கவில்லை. ஒரு வருடம் கடந்தும் முடிவு வராவிட்டால், அதற்கு நாங்கள் காரணமில்லாவிட்டால், அனுமதி கேட்கலாம் என்பதுதான் விதி. கிடைத்தாலும் அப்போது ஆள் பற்றாக்குறைப் பட்டியலில் இருந்த வேலைகள்தான். பலருக்கு இது தெரியாது, தானாக யாரும் தரவும் மாட்டார்கள். 2024 பெப்ரவரியில் விண்ணப்பித்தேன், ஜூனில் அனுமதி வந்தது. கணக்கு வேலை பட்டியலில் இல்லை. முதியோர் பராமரிப்பு இருந்தது. இரண்டு இடங்களில், அசைலம் கேட்டவர்களுக்குத் தரும் என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்கள். மூன்றாவது இடத்து மனேஜர் அரசாங்கச் சேவையில் சரிபார்த்துவிட்டுக் கூப்பிட்டார். செப்டெம்பரில் தொடங்கினேன், கிழமைக்கு 24 மணித்தியாலம், மணிக்கு 11 பவுண் 44 பென்ஸ். வருமானத்தை உடனே அறிவித்தேன். நீங்களும் மறைக்காதீர்கள், பிறகு கேஸில் வந்து நிற்கும். ஒக்ரோபரில் அஸ்பென் காசு நின்றது.

2025 ஜனவரியில் அகதி அந்தஸ்து கிடைத்தது. அப்போது வீட்டை விட 56 நாள் தந்தார்கள். அதற்குமுன் 28தான். கடிதம் வந்த அன்றே உள்ளூர் கவுன்சிலில் போய் வீட்டுக்குப் பதியுங்கள், நாளை என்று வைக்காதீர்கள்.

இடது பக்கத்தைக் கூட்டினேன். நாங்கள் இருவரும் கையில் வாங்கியது மொத்தம் 4,000 பவுணுக்குச் சற்றுக் கீழே.

முதல் முழுமாதச் சம்பளச் சீட்டு வந்த இரவு, மகன் படுத்தபின் குசினி மேசையில் அதை விரித்து வைத்தேன். தேசியக் காப்புறுதி என்று 11 பவுண் சொச்சம் கழித்திருந்தார்கள். இரண்டு பக்கத்திலும் அதற்கு இடமில்லை. அடிமட்டம் வைத்து மூன்றாவதாக ஒரு கோடு போட்டு, மேலே "நான் கட்டியது" என்று தலைப்பு எழுதி, தேதியும் தொகையும் பதிந்தேன்.