எழுத்துக்கு முன்னால் பொத்தான்

ஜனவரி 6

மகள் பள்ளியில் சேர இன்னும் நாள் இருக்கிறது. ஆனாலும் பார்ப்பவர்கள் எல்லாம் "அ, ஆ எழுதுகிறாளா?" என்றுதான் கேட்கிறார்கள். "சட்டையைத் தானே போட்டுக்கொள்கிறாளா?" என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு முதலில் வரவேண்டிய கேள்வி அதுதான் என்று படுகிறது. 1907-ல் இதே ஜனவரி 6-ம் தேதிதான் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி ரோமில் 'குழந்தைகள் இல்லம்' என்ற தன் முதல் பள்ளியைத் திறந்தார். கை கழுவுவது, மேசை துடைப்பது, பொத்தான் போடுவது எல்லாம் அவர் முறையில் முறையான பாடங்கள்.

ஜனவரி 9

பொத்தான் போடுவதைக் கடைசிப் படியிலிருந்து ஆரம்பித்தோம். பாதிப் பொத்தானைத் துளைக்குள் நுழைத்துவிட்டு நான் கையை எடுத்துக்கொள்வேன். மறுபக்கம் எட்டிப் பார்க்கும் விளிம்பைப் பிடித்து இழுப்பது மட்டும் அவள் வேலை. அது கைவந்ததும் நுழைப்பதையும் அவளிடம் விட்டுவிடலாம். இப்படிச் செய்தால் ஒவ்வொரு முறையும் முடித்தவள் அவளாகவே இருக்கிறாள். முதல் படியிலிருந்து சொல்லிக்கொடுத்தால் பாதியில் சோர்ந்து, மீதியை அம்மா முடிக்கும்படி ஆகிவிடும்.

சட்டையை மடியில் விரித்து வைத்துத்தான் பழக்குகிறேன். உடம்பில் போட்டிருந்தால் மேல் பொத்தான் கண்ணுக்கே தெரியாது. பொத்தான் பெரிதாக, துளை கொஞ்சம் தளர்வாக இருக்கவேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளிப் பிடிக்கும் இந்தப் பிடிதான் நாளைக்குப் பென்சிலையும் பிடிக்கப்போகிறது. நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு அவள் இழுக்கும்போது உதவப் போகாமல் உட்கார்ந்திருப்பதுதான் எனக்குப் பெரிய வேலை!

ஜனவரி 17

கட்டைகளை அடுக்கும்போது தனக்குத்தானே பேசிக்கொள்கிறாள். "இது இங்க... இல்ல இல்ல, பெருசு கீழ." வீட்டுக்கு வந்தவர் ஒருவர் "ஏன் தனியா பேசுறா?" என்று கவலைப்பட்டார். கவலைப்பட ஒன்றுமில்லை. குழந்தை தன் செயலைத் தானே வழிநடத்திக்கொள்ளும் பேச்சு இது, வளர வளர இதுவே உள்ளே போய் மௌனமான சிந்தனை ஆகிறது என்று ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி விளக்கியிருக்கிறார். இந்த வயதுப் பிள்ளை முணுமுணுத்தால் தயவுசெய்து அடக்காதீர்கள்.

ஜனவரி 23

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலைத் திரும்பப் படித்தேன். 3, 4 வயதுக்கு நாளொன்றுக்கு 180 நிமிடமாவது ஓடியாடல், 10 முதல் 13 மணி நேரத் தூக்கம், திரை பார்ப்பது 1 மணி நேரத்துக்குள். மூன்றில் தூக்கத்துக்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன். தூக்கம் கெட்ட நாளில் பொத்தானும் வராது, பொறுமையும் வராது.

ஜனவரி 30

பக்கத்து வீட்டுப் பையனோடு ஒரே பந்து. "பகிர்ந்து விளையாடுங்க" என்று சொல்லிப் பார்த்தால் இரண்டு பேருக்கும் ஒன்றும் புரியாது. "இப்ப அவன் முறை, அடுத்து உன் முறை" என்றால் புரிகிறது. காத்திருப்பது எப்போது முடியும் என்று தெரிந்துவிடுகிறது இல்லையா! அப்படியும் ஒரு அழுகை வந்தது. "பந்து கிடைக்கலேன்னு கோபமா?" என்று கேட்டேன். "கோபம்" என்றாள். அப்புறம் கொஞ்சம் அடங்கினாள்.

அடுத்தது, உதவி கேட்கப் பழக்கவேண்டும். வகுப்பில் மூடி திறக்காமல் தாகத்தோடு உட்கார்ந்திருக்கக்கூடாது. "முடியல, திறந்து குடுங்க" என்று வேற்று ஆளிடம் வாய்விட்டுச் சொல்ல வரவேண்டும். நாளைக்கு அவள் சித்தி வருகிறாள், அவளை வைத்தே ஆரம்பிக்கிறோம்.