டென்ட் ராடு ஒடிந்தால் முதலில் பூண் வாயைப் பாருங்கள்

டென்ட் ராடு ஒடிந்தால் அந்தத் துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு அதே தடிமனில் இன்னொன்று தேடிப் போகிறவர்கள்தான் அதிகம். கொஞ்சம் பொறுங்கள். ஒடிந்த துண்டைக் கையில் எடுத்து, எந்த இடத்தில், எப்படி ஒடிந்திருக்கிறது என்று பாருங்கள். காரணம் தெரியாமல் துண்டு மாற்றினால் அடுத்த காற்றுக்குப் புதுத் துண்டும் அதே இடத்தில் போகும்.

நம் பக்கம் புழங்கும் விலை குறைந்த கூடாரங்களில் பெரும்பாலும் பைபர் கிளாஸ் ராடுதான். துண்டுகளை இணைப்பது ஒரு இரும்புக் குழாய். உலக்கைக்குப் போடும் பூண் போல இருப்பதால் இங்கேயும் பூண் என்றே சொல்கிறேன். ஒரு துண்டின் முனையில் பூண் நிலையாக ஒட்டப்பட்டிருக்கும். அடுத்த துண்டு அதற்குள் இறங்கி உட்கார வேண்டும்.

பூண் வாயை ஒட்டி நீளவாக்கில் பிளந்திருந்தால், துண்டு முழுவதும் இறங்காமல் பாதியில் நின்றிருக்கிறது என்று அர்த்தம். பிடிமானம் குறைந்ததும் வளைவின் பாரம் முழுவதும் பூணின் விளிம்பில் ஏறுகிறது. பைபர் இழைகள் நீளவாக்கில் ஓடுவதால் பிளவும் அந்த வழியிலேயே போகிறது. துண்டு பாதியில் நிற்பதற்குக் காரணங்கள் உண்டு. ராடை உதறிவிட்டு அது தானாகவே சேர்ந்துகொள்ளும் என்று விடுவது ஒன்று. திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணல் பூணுக்குள் போய் அடைப்பது ஒன்று. துணி உறைக்குள்ளிருந்து ராடைப் பிடித்து இழுப்பது இன்னொன்று. உறைக்குள் ராடைத் தள்ளித்தான் நுழைக்க வேண்டும், தள்ளித்தான் வெளியே எடுக்க வேண்டும். இழுத்தால் உள்ளே மூட்டு கழன்றுகொள்ளும், அது வெளியே தெரியாது.

பூணிலிருந்து தள்ளி, துண்டின் நடுவில் ஒடிந்திருந்தால் காற்று அளவுக்கு மீறி வளைத்திருக்கிறது, அல்லது யாரோ மிதித்திருக்கிறார்கள். ராடு முழுவதும் வெளுத்து, தடவினால் கையில் ஊசியாய்க் குத்தினால் அது வெயில் செய்த வேலை. மேல்பூச்சு தேய்ந்து இழை வெளியே வந்துவிட்டது. அந்த நிலையில் ஒரு துண்டை மட்டும் மாற்றுவது வீண் செலவு. முழு ராடையும் மாற்றிவிடுங்கள்.

அடுத்தது அளவு. தடிமன் அளக்கும் வெர்னியர் கருவி இல்லையென்றால் ஒரு காகிதப் பட்டையை ராடைச் சுற்றி இறுக்கமாக ஒரு சுற்றுச் சுற்றிக் குறித்து, அந்த நீளத்தை 3.14-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். 25 மி.மீ. வந்தால் 7.9 மி.மீ. ராடு. 27-க்குச் சற்றுக் குறைவாக வந்தால் 8.5. 30 வந்தால் 9.5. 34-க்கும் 35-க்கும் இடையில் வந்தால் 11. பூணின் மேல் எடுத்த அளவைக் கடையில் சொல்லிவிடாதீர்கள். ராடின் அளவுதான் வேண்டும்.

துண்டு மாற்றும்போது ராடின் ஒரு முனையிலுள்ள மூடியைக் கழற்றினால், துண்டுகளின் உள்துளை வழியாக ஓடும் எலாஸ்டிக் கயிற்றின் முடிச்சு தெரியும். அவிழ்ப்பதற்கு முன் கயிற்றில் ஒரு துணி கிளிப்பை மாட்டிவிடுங்கள். இல்லையென்றால் கயிறு சுருங்கி உள்ளே ஓடிவிடும். துண்டுகளை வரிசையாகப் பரப்பி, மார்க்கரில் எண் போட்டுக்கொள்ளுங்கள். ஓரத் துண்டும் நடுத் துண்டும் பல டென்ட்களில் ஒரே நீளம் இல்லை.

புதுத் துண்டை வெட்டும் இடத்தில் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றி, பல் நெருக்கமான ஆக்சா பிளேடால் மெதுவாக உருட்டி உருட்டி அறுக்க வேண்டும். டேப் இல்லாமல் அறுத்தால் இழை பிரிந்துவிடும். கட்டரால் நசுக்கி வெட்டவே கூடாது. முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, அறுக்கும் இடத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டே அறுங்கள். அந்தத் தூள் தோலில் பட்டால் அரிப்பு அடங்காது, மூச்சில் போவது அதைவிடக் கெடுதல். பிறகு வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் மழுக்கிவிடுங்கள்.

பூணை ஒட்ட அரால்டைட் போன்ற இரண்டு டியூப் பசை போதும். ராடின் முனையையும் பூணின் உட்புறத்தையும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, பூணின் பாதி நீளம் வரை மட்டும் ராடை இறக்குங்கள். மறுபாதி அடுத்த துண்டுக்கு உரியது. பசை உள்துளையை அடைத்தால் கயிறு போகாது. எண்ணெய் தடவிய கட்டுக்கம்பியைத் துளையில் விட்டு வைத்து, பசை இறுகுமுன் ஒரு முறை சுழற்றி உருவிவிடுங்கள். ஒரு இரவு அப்படியே கிடக்கட்டும். பிளந்த பைபரை பெவிக்விக் வைத்து ஒட்டுகிறவர்களும் உண்டு. அது வளைவைத் தாங்காது. மேசையில் வைத்துப் பார்க்கும்போது ஒட்டியதுபோல் இருக்கும், அவ்வளவுதான்.

எலாஸ்டிக் கயிறு பழையதானால் இதோடு சேர்த்து அதையும் மாற்றுங்கள். இழுத்துவிட்டால் சுருங்காத கயிறு மூட்டைப் பிடித்து வைக்காது, மறுபடி பூண் வாய்தான் பிளக்கும். 2.5 அல்லது 3 மி.மீ. கயிறு பொருந்தும். 4 மீட்டர் ராடுக்கு இழுக்காத நிலையில் 3.3 மீட்டர் போல எடுத்துக்கொண்டு, கட்டுக்கம்பியின் கொக்கியில் மாட்டி ஒவ்வொரு துண்டாகக் கோத்து வாருங்கள். முடிச்சைக் கடைசியாக இறுக்குமுன் ராடை முழுவதும் மடக்கிப் பாருங்கள். மடக்கவே வரவில்லை என்றால் கயிறு குட்டை. மடக்கியபின் தொங்கினால் நீளம். இரண்டும் சரியானதும் இரட்டை முடிச்சுப் போட்டு நுனியைத் தீயில் காட்டிவிடுங்கள்.

அலுமினிய ராடின் கதை வேறு. அது பிளப்பதைவிட வளைவதுதான் அதிகம். லேசான வளைவை அப்படியே விட்டுவிடலாம், கூடாரம் நிற்கும். நிமிர்த்தியே ஆகவேண்டும் என்று திரும்பத் திரும்ப வளைத்தால் உலோகம் களைத்து விரிசல் விடும். முனை நசுங்கி முட்டை வடிவமாகிவிட்டால் துண்டை மாற்றத்தான் வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை: கதவு, ஜன்னல் செய்யும் பேப்ரிகேஷன் கடையில் அளவு ஒத்த அலுமினியக் குழாய் கிடைக்கும். அது 6063 என்ற மிருதுவான அலுமினிய வகை. நல்ல டென்ட் ராடு 7001 அல்லது 7075 வகை. பேப்ரிகேஷன் குழாயைத் துண்டாகப் போட்டால் முதல் காற்றிலேயே வளைந்து அப்படியே நின்றுவிடும். ஒடிந்த இடத்துக்கு மேலுறையாகப் போட அது தாராளமாக உதவும்.

அந்த மேலுறைதான் வெளியிடத்தில் கைகொடுக்கும் பொருள். ஆடி அமாவாசைக்குக் காரையார் சொரிமுத்து அய்யனார் கோயிலில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறவர்கள் இதை மூட்டையிலேயே வைத்திருக்க வேண்டும். அந்த இடம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. முட்டுக் கொடுக்க ஒரு கழியைக்கூட அங்கே ஒடிக்கக் கூடாது. அம்பாசமுத்திரத்திலோ விக்கிரமசிங்கபுரத்திலோ வாங்கிக்கொண்டு ஏறுவதுதான் வழி. 15 செ.மீ. நீளக் குழாய் ஒன்று போதும். அரை அங்குல எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) குழாயின் உள்ளளவு சுமார் 10.7 மி.மீ. என்பதால் 8.5, 9.5 ராடுகளுக்குச் சேரும். ஆனால் பூணைத் தாண்டி நுழைகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் இன்னும் ஒரு அளவு பெரிதாக எடுத்து, இடைவெளிக்கு ராடில் டேப் சுற்றிக்கொள்ளலாம்.

முதலில் துருத்தும் இழைகளை டேப் வைத்து அமுக்கிச் சுற்றுங்கள். விட்டால் அது துணியைக் கிழிக்கும். ஒடிந்த இடம் நடுவில் வரும்படி குழாயை நகர்த்தி, இரண்டு பக்கமும் டேப்பால் இறுக்குங்கள். குழாய் போட்ட ராடு துணி உறைக்குள் நுழையாது போகலாம். ஆகவே உடைந்த பாகத்தை மட்டும் உறைக்கு வெளியே வைத்துச் சரிசெய்ய இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கிளிப் மாட்டும் டென்ட்களில் இந்தத் தொல்லை இல்லை.

குழாயும் இல்லையென்றால் கூடார முளைக் கம்பிகள் இரண்டை எதிரெதிராக வைத்துக் கட்டலாம். உவரி, இடிந்தகரைக் கடற்கரைப் பக்கமானால் காய்ந்து விழுந்த பனைமட்டை கிடைக்கும். இரண்டு ஓரத்துக் கருக்கையும் (ரம்பம் போன்ற விளிம்பு) நன்றாகச் சீவிவிட்டு, 25 செ.மீ. நீளத்தில் இரண்டு சிம்பு (மெல்லிய பட்டை) பிளந்து, நனைத்த பனைநாரால் நெருக்கமாகச் சுற்றிக் கட்டுங்கள். நனைந்த நார் சொன்னபடி வளையும், காய்ந்தால் விறைத்துக்கொள்ளும். ஒரு இரவைத் தாராளமாகத் தாங்கும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேல்காற்றின் வேகம் பணகுடி, காவல்கிணறு காற்றாலைகளைப் பார்த்தாலே புரியும். அந்த மாதங்களில் கூடாரத்தின் குறுகிய பக்கம் மேற்கே பார்க்கட்டும். பக்கக் கயிறுகளைக் கட்டாமல் விட்டால் காற்றின் பாரம் முழுவதும் ராடில்தான் ஏறும். கட்டினால் ஒரு பங்கு மண்ணுக்குப் போய்விடும். நைலான் மேல்துணி நனைந்தால் தொய்யும் என்பதால் படுக்கப் போகுமுன் கயிறுகளை ஒருமுறை இழுத்து விடுங்கள். காற்று மிஞ்சினால் ராடைத் தள்ளி வெளியே எடுத்து, கூடாரத்தைத் தரையோடு படுக்கப் போட்டுவிட்டுக் காருக்குள் இருங்கள்.

கடற்கரையிலிருந்து திரும்பியதும் அலுமினிய மூட்டுகளை நல்ல தண்ணீரில் அலசி, பிரித்து வைத்துக் காயவிட வேண்டும். உப்பு தங்கினால் மூட்டு இறுகி, அடுத்த முறை பிரிக்கும்போது பிளந்துகொள்ளும். கட்டும்போது நடுத் துண்டிலிருந்து மடக்கத் தொடங்குங்கள், கயிறு இரண்டு பக்கமும் ஒரே அளவில் இழுபடும்.