வாங்-ல இருக்கற ங்

ஆடியோ எடிட்டிங்ல பதினோரு வருசமா இருக்கேன், பாதி கல்யாண வீடியோ, பாதி கம்பெனி விளம்பரம். போன வருசம் ஒரு கலைக் குழுவுல கூப்பிட்டு, கோயம்புத்தூர்ல ஒரு ஹாலு, நடை நெடுக எட்டு ஸ்பீக்கர், உள்ள நுழையறவங்கள நம்ம ஊர்ப் பொம்பளைங்க குரலே கூப்பிடணும்னாங்க. பாட்டெல்லாம் இல்ல. ஊட்டுக்கு ஒறம்பர வந்தா வாசல்ல நின்னு என்ன சொல்லுவீங்களோ அத சொல்லுங்கன்னு பல்லடம், சோமனூர், சென்னிமலைன்னு சுத்தி 32 பேர்கிட்ட ரெக்கார்ட் பண்ணேன்.

பாதிப் பேரு தறிக் குடோன்ல. தறிய நிறுத்துங்கன்னு கேக்க வாய் வரல, மீட்டர் கணக்குல கூலி, நிறுத்துனா நட்டம் அவங்களுக்குத்தான. மைக்க வாய்க்கு நாலு விரக்கடை தூரத்துல புடிச்சும் லொடக் லொடக்குன்னு எல்லாத்துலயும் தறி. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டிப் பாத்தேன், அதிர்வு போச்சு, அந்த லொடக் போகல. சரின்னு நாய்ஸ் கேட் போட்டேன், அது ஒரு அளவுக்குக் கீழ சத்தம் போனா கதவச் சாத்திரும். ஒரே அளவுல ரெண்டு குரல் சேந்தா சுமாரா 3 டெசிபல் ஏறும், 32 சேந்தா 15, அதனால ஒவ்வொண்ணையும் எறக்கி அடுக்குனேன். கண்ணாடி மாதிரி வந்துச்சு. எனக்கு ஒரே பெருமை.

அதே குடோன் வாசல்ல உக்கார வெச்சு போட்டுக் காட்டுனா ஒருத்தரும் பேசல. கடைசில ஒரு ஆத்தா, "ஏ அம்முணி, ஒறம்பரையப் பாத்து நாங்க எப்ப வான்னு சொன்னோம்?"

திரும்பப் போட்டேன். வா. உக்காரு. தண்ணி குடி. 32 பேரும் ஒண்ணாச் சேந்து மெரட்டறாங்க.

நம்ம பக்கம் வாங்கன்னு முழுசா யாரு சொல்றா, வாங்தான். அந்த ங் மூக்குக்குள்ளயே முடிஞ்சுரும், சத்தம் கம்மி, அந்த நாய்ஸ் கேட் அதையும் தறின்னு நெனச்சு சாத்திருச்சு. மரியாத மொத்தமும் அந்த ஒரு எழுத்துலதான் இருந்திருக்கு, நான் அத குப்பைன்னு கூட்டித் தள்ளிட்டேன். "மாமனாரு கேட்டா என்ன நெனப்பாரு"ன்னு ஒரு அக்கா சொல்லவும்தான் எல்லாரும் சிரிச்சாங்க.

மூணு ராத்திரி உக்காந்து ஒவ்வொரு வார்த்தையோட வாலையும் கையாலயே திறந்தேன். ங் வந்துச்சு, கூடவே ஒரு துண்டு தறியும் வந்துச்சு, விட்டுட்டேன். அப்பத்தான் கவனிச்சேன், 32 பேரு பேசுனா வார்த்த எல்லாம் சந்தக்கடை ஆயிருது, இந்த ங் மட்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி சுருதிப் பெட்டியாட்டம் நிக்குது. அதுக்கப்பறம் வார்த்தைங்க எப்படியோ போகட்டும்னு, முடிவு மட்டும் ஒண்ணா விழற மாதிரி நகத்தி வெச்சேன்.

ஹாலுக்கு அந்த ஆத்தாவும் வந்தாங்க. நடைல மேலயும் கீழயும் ரெண்டு தடவ நடந்துட்டு, "என்றது எதுங் அம்முணி?"ன்னாங்க. அவங்க குரல் எதுன்னு எனக்கும் தெரியல. லேப்டாப்ல தேடி, 19ஆவது ட்ராக்க மட்டும் சோலோ பண்ணேன். ஒத்தக் குரல் ஹால் பூரா, "வாங்", பின்னாடியே லொடக். தலைய சாச்சுக் கேட்டாங்க.

"செரி செரி, அவளுகளையும் போடு."