பாலத்தின் மேல் ஒரு தேநீர்க் கடை

வான் வண்டியின் கூரையில் 360 பாகைக் கமெராவைப் பூட்டி, கல்லடி வீதியைப் படம்பிடித்து வந்தோம். வரைபடத்தில் ஏற்றிப் பார்த்தால், பாலத்தடித் தேநீர்க் கடை பாலத்தின் மேல் நிற்கிறது! ஜி.பி.எஸ். மேல்தான் முதலில் சந்தேகப்பட்டேன். பாவம், அது சரியாகவே இருந்தது. படம் எடுத்த நேரத்தை ஜி.பி.எஸ். பதிவோடு பொருத்தித்தான் படத்தின் இடம் குறிக்கப்படுகிறது. ஆனால் கமெராவின் கடிகாரம் 2 வினாடி பின்தங்கியிருக்கிறது; மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் அது 22 மீற்றர். இனிப் புறப்படும் முன் கைபேசியின் ஜி.பி.எஸ். நேரத்தைக் கமெராவுக்குக் காட்டி ஒரு படம் எடுத்துவிட வேண்டும்.

இன்னொன்று, எல்லாப் படங்களிலும் ஒரே மூலையில் வெண்மேகம். வண்டி திரும்பினால் கூடவே திரும்புகிற மேகமும் உண்டா? லென்ஸில் காய்ந்த கடலுப்பு. சட்டை முனையால் துடைக்க வந்த அண்ணனின் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, நல்ல தண்ணீர் தேடி ஓடினேன்.