இரண்டாவது கையெழுத்து

தமிழ்நாட்டில் கிராம ஊராட்சிக் காசோலை செல்ல வேண்டுமானால் இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று தலைவருடையது, இன்னொன்று துணைத் தலைவருடையது. 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம், பிரிவு 188 அப்படித்தான் சொல்கிறது. தலைவரை ஊரே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறது. அந்தப் பதவிக்கு இடஒதுக்கீடு உண்டு. 2016-க்குப் பிறகு பாதி இடங்கள் பெண்களுக்கு. துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தப் பதவிக்கு இடஒதுக்கீடு கிடையாது.

பட்டியல் சாதிப் பெண் தலைவர்கள் படும் பாட்டைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் நாற்காலியில் ஆரம்பித்து நாற்காலியிலேயே முடித்துவிடுகிறார்கள். 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்கு திட்டை ஊராட்சியில் தலைவர் தரையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படம் வெளியானது. அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. ஐந்து நாள் கழித்து ஆட்சியர் நேரில் வந்து அவரை ஏற்ற வைத்தார். இவை பெரிய விஷயங்கள்தான். ஆனால் கேமராவுக்குச் சிக்கும் விஷயங்கள். நாற்காலி போட்டுவிட்டு, கொடிக்கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டு, ஐந்து வருடமும் ஒரு வேலையும் செய்யவிடாமல் வைத்திருக்க முடியும். அதற்கான வழி இரண்டாவது கையெழுத்தில் இருக்கிறது.

அது நடக்கும் விதம் இப்படி. மோட்டார் காயில் எரிந்துவிடுகிறது. மெக்கானிக் சரிசெய்து பில் கொடுக்கிறார். தலைவர் காசோலையில் கையெழுத்துப் போடுகிறார். துணைத் தலைவர் "அப்புறம் பார்க்கலாம்" என்கிறார். முடியாது என்று ஒருபோதும் சொல்ல மாட்டார். இரண்டு மாதம் பணம் வராத மெக்கானிக் அடுத்த முறை வருவதில்லை. தூய்மைக் காவலர்களுக்கும் தொட்டி இயக்குபவருக்கும் சம்பளம் நிற்கிறது. தெருவிளக்குக்குப் பல்பு வாங்க முடியவில்லை. மூன்றாவது மாதம் ஊர் பேச ஆரம்பிக்கிறது: "பொம்பளைக்குக் கொடுத்தா இப்படித்தான்." சாதிப் பெயர் அந்த வாக்கியத்தில் இருக்காது. எல்லோருக்கும் கேட்கும், எழுத்தில் மட்டும் இருக்காது. பிறகு மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் கையெழுத்திட்ட மனு ஆட்சியருக்குப் போகிறது: தலைவர் கடமை தவறினார், பிரிவு 205-ன்கீழ் நீக்குங்கள். காசோலையில் கையெழுத்துப் போடாதவர்தான் அந்த மனுவில் முதல் கையெழுத்து.

இதை வெறும் "ஒத்துழையாமை" என்று அலுவலகங்கள் பதிவு செய்கின்றன. அந்தச் சொல்லே பாதி வேலையைக் கெடுத்துவிடுகிறது; ஒத்துழையாமை என்றால் இரு பக்கமும் சமம் என்று ஆகிவிடும்.

ஆகவே முதல் முறை தட்டிக்கழித்த அன்றே தலைவர் எழுத்தில் இறங்க வேண்டும். பில், அதற்கான ஊராட்சித் தீர்மானத்தின் எண், தேதி, தொகை, காசோலை எண் எல்லாவற்றையும் குறிப்பிட்டு ஒரு முகப்புக் கடிதத்தோடு காசோலையைத் துணைத் தலைவருக்கு அனுப்பி, நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்க வேண்டும். வாங்க மறுத்தால், கடிதத்தையும் காசோலையின் நகலையும் மட்டும் ஒப்புகையோடு விரைவு அஞ்சலில் அனுப்பலாம். (பழைய பதிவு அஞ்சல் 2025-ல் விரைவு அஞ்சலோடு சேர்க்கப்பட்டுவிட்டது.) அசல் காசோலையைத் தபாலில் அனுப்பக் கூடாது. கடிதத்தில் ஒரு கெடு தேதி இருக்கட்டும். அது கடந்ததும் கிராம ஊராட்சிகளுக்கான வட்டார வளர்ச்சி அலுவலருக்கு (பிடிஓ) ஒரு கடிதம். நகல் ஊராட்சிகள் உதவி இயக்குநருக்கும் ஆட்சியருக்கும். ஆட்சியர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர். அவர் மேசைக்குக் காகிதம் போகாதவரை எதுவும் நடந்ததாகவே கணக்கில்லை.

பலர் இந்தக் கடிதத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். "துணைத் தலைவர் கையெழுத்திட மறுக்கிறார், தக்க நடவடிக்கை எடுக்கவும்" என்று மொட்டையாக எழுதுகிறார்கள். பிரிவு 203-ன்கீழ் ஆட்சியருக்கு உள்ள அவசர அதிகாரத்தைப் பயன்படுத்தி, தலைவர், துணைத் தலைவர் இருவரின் காசோலை அதிகாரத்தையும் எடுத்து பிடிஓவிடம் கொடுத்துவிடுவது நிர்வாகத்துக்கு எளிய வழி. பணம் நகரும், பிரச்சினை தீர்ந்ததாகக் கோப்பு மூடப்படும். கையெழுத்துப் போடத் தயாராக இருந்த பெண்ணின் அதிகாரமும் சேர்ந்து போய்விட்டது; தடுத்தவர் நினைத்தது நடந்துவிட்டது. அதனால் கடிதத்திலேயே தெளிவாகக் கேட்க வேண்டும்: துணைத் தலைவரின் அதிகாரத்தை மட்டும் நிறுத்தி வைத்து, இன்ன வார்டு உறுப்பினருக்கு வழங்குங்கள், என் அதிகாரத்தை எடுக்க எந்தக் காரணமும் இல்லை என்று. துணைத் தலைவர் ஊரில் இல்லாவிட்டால் ஊராட்சிக் கூட்டத்தில் அதிகாரம் பெற்ற வேறொரு உறுப்பினர் கையெழுத்திடலாம் என்று அதே 188-ஆவது பிரிவு சொல்கிறது. பதவியேற்றதும் நடக்கும் முதல் கூட்டங்களிலேயே, உறவு கெடுவதற்கு முன், அந்தத் தீர்மானத்தை நிறைவேற்றி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். பிறகு பெரும்பான்மை கிடைக்காது.

காசோலைக்கு அடுத்தது தீர்மானப் பதிவேடு. ஊராட்சிச் செயலர் அதைத் தலைவர் வீட்டுக்குக் கொண்டுவந்து, "அம்மா, இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒண்ணு" என்று பக்கம் புரட்டுவார். பாதிப் பக்கம் காலியாக இருக்கும். அந்தக் காலி இடத்தில் அப்புறம் என்ன முளைக்கும் என்பது தணிக்கை வரும்போதுதான் தெரியும். படிக்கத் தெரியாவிட்டால், படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, கடைசி வரிக்குக் கீழே குறுக்குக் கோடு போட்டு, கோட்டுக்கு ஒட்டியே கையெழுத்திட வேண்டும். பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்துவிட வேண்டும். படத்தில் தேதி தானாகப் பதிந்துவிடும். இதற்குச் செயலர் முகம் சுளித்தால், சுளிக்கட்டும்.

மத்திய நிதிக்குழு மானியம் இப்போது இணையவழியில் டிஜிட்டல் கையொப்பத்தால் போகிறது. பென்டிரைவ் மாதிரி இருக்கும் அந்த டோக்கன்தான் தலைவரின் கை. பல ஊர்களில் அது ஒன்றிய அலுவலகத்துக் கணினி ஆபரேட்டரிடமோ ஒப்பந்ததாரரிடமோ கிடக்கும், கடவுச்சொல் ஒரு துண்டுக் காகிதத்தில் ஒட்டியபடியே. டோக்கனை வாங்கி வீட்டில் பூட்டி வைக்க வேண்டும், கடவுச்சொல்லை மாற்ற வேண்டும், ஒவ்வொரு முறையும் நேரில் போய் எந்த வேலைக்கு எவ்வளவு என்று திரையில் பார்த்த பிறகே செருக வேண்டும். பேருந்து மாறி ஒன்றிய அலுவலகம் போவது அலைச்சல்தான். ஆனால் பணம் தவறாகப் போனால் தண்டம் வசூலிக்க நோட்டீஸ் வருவது தலைவர் பெயருக்கு.

கிராம சபையில் வேறு மாதிரி விளையாட்டு. 2022-லிருந்து ஆண்டுக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தலைமை வகிப்பது தலைவர். 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். ஊர்த்தெருக்காரர்கள் ஒட்டுமொத்தமாக வராமல் இருந்து எண்ணிக்கையைக் கெடுப்பது ஒரு வழி. இன்னொன்று இடம். கோயில் மண்டபத்தில் கூட்டம் என்று அறிவித்துவிட்டால் தலைவரே உள்ளே போக முடியாது. மதம் சார்ந்த எந்த வளாகத்திலும் கிராம சபை நடத்தக் கூடாது, இடத்தைச் சுழற்சி முறையில் மாற்ற வேண்டும் என்று அரசு அறிவுறுத்தல் இருக்கிறது. ஏழு நாள் முன்பு தரும் அறிவிப்பிலேயே தலைவர் இடத்தை எழுதிக் கையெழுத்திட்டால், கடைசி நேரத்தில் மாற்றுவது கடினம். கொடியேற்றும் விஷயத்தில் 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலர் எல்லா ஆட்சியர்களுக்கும் எழுதிய கடிதத்தின் நகல் ஒன்று அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தால், வாக்குவாதத்தின் பெரும்பகுதி மிச்சம்.

சட்டம் இங்கே கொஞ்சம் நுணுக்கமானது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் என்றதும் காவல் நிலையத்தில் எழுதப்படுவது சாதிப் பெயர் சொல்லித் திட்டியது, அவமானப்படுத்தியது ஆகிய இரண்டு உட்பிரிவுகள். இரண்டுக்கும் அது பொதுமக்கள் பார்வையில் நடந்திருக்க வேண்டும். நான்கு சுவருக்குள், வெளியாள் யாரும் இல்லாதபோது நடந்தால் இந்தக் குற்றம் நிற்காது என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் ஒரு வழக்கில் சொன்னது. ஊராட்சி அலுவலக அறையில் நடக்கும் பெரும்பாலான விஷயம் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் 2015 திருத்தத்தில் சேர்ந்த 3(1)(எம்) என்ற உட்பிரிவு, பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்த ஊராட்சி உறுப்பினரையோ தலைவரையோ அவர் கடமையைச் செய்யவிடாமல் மிரட்டுவதையும் தடுப்பதையும் தனிக் குற்றமாக்குகிறது. அதற்குப் பொதுமக்கள் பார்வை என்ற நிபந்தனை இல்லை. சாவியைத் தராதது, பதிவேட்டை மறைத்தது, கூட்டத்தைக் கலைத்தது எல்லாவற்றுக்கும் புகாரில் இந்த உட்பிரிவைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் எழுத மாட்டார்கள். எதிராளியும் பட்டியல் சாதி என்றால் இந்தச் சட்டம் பொருந்தாது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆதிக்கச் சாதியினர் தங்களுக்கு வேண்டிய பட்டியல் சாதி உறுப்பினரை முன்னால் நிறுத்துவது இதற்காகவும்தான்.

புகாரில் "கேவலமாகப் பேசினார்" என்று எழுதினால் வீண். சொன்ன சொல்லை அப்படியே, எழுதக் கூசினாலும், எழுத வேண்டும். தேதி, நேரம், இடம், உடன் இருந்தவர்கள், இரு தரப்பின் சாதி, தலைவரின் சாதிச் சான்றிதழ் நகல் சேர வேண்டும். காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். எனும் புகார் பெற்றுக்கொண்ட ரசீதை மட்டும் கொடுத்து "விசாரிக்கிறோம்" என்று அனுப்பப் பார்ப்பார்கள். 2018-ல் சேர்த்த 18ஏ பிரிவின்படி இந்தச் சட்டத்தில் முதல் தகவல் அறிக்கைக்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை. மறுத்தால் எஸ்.பி.க்கு எழுத்துப்பூர்வமாக அனுப்பலாம். விசாரிப்பவர் டிஎஸ்பி தகுதிக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். 60 நாளில் குற்றப்பத்திரிகை. இடையில் வட்டாட்சியர் அலுவலகத்தில் சமாதானக் கூட்டம் என்று கூப்பிடுவார்கள். போகலாம், ஆனால் புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுக்காமல் வர வேண்டும்.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. அந்தப் பெண்ணைத் தடுப்பது சாதியா, அவள் பெண் என்பதா? புகாருக்கு ஏதாவது ஒன்று வேண்டும். "இதே ஊரில் போன முறை தலித் ஆண் தலைவராக இருந்தாரே, யாரும் தடுக்கவில்லையே" என்பார்கள். "பக்கத்து ஊரில் பெண் தலைவர் நன்றாக நடத்துகிறாரே" என்பார்கள். அவர் ஆதிக்கச் சாதிப் பெண். அமெரிக்காவில் 1976-ல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கு எதிராக ஐந்து கறுப்பினப் பெண்கள் தொடுத்த வழக்கில் கிடைத்த பதிலும் இதுதான். பெண் என்று கேட்டால், பெண்களை எடுத்திருக்கிறார்களே என்றது நீதிமன்றம். அந்தப் பெண்கள் வெள்ளையர். இனம் என்று கேட்டால், வேறொரு வழக்கோடு சேர்ந்துகொள்ளுங்கள் என்றது. இரண்டும் சேர்ந்த ஒரு தனிப் பிரிவாக அவர்களைப் பார்க்க மறுத்தது. அந்தத் தீர்ப்பை வைத்துத்தான் 1989-ல் கிம்பர்லே கிரென்ஷா ஒடுக்குமுறைகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் விதத்தைக் கோட்பாடாக எழுதினார். 2021-ல் ஆந்திர வழக்கு ஒன்றில் நமது உச்ச நீதிமன்றமும் சாதி, பால், ஊனம் மூன்றையும் பிரித்துப் பார்க்கக் கூடாது என்று விரிவாக எழுதியது. அதே தீர்ப்பில், ஆதாரம் போதவில்லை என்று வன்கொடுமைச் சட்டத்தின்கீழ் கொடுத்த தண்டனையை ரத்தும் செய்தது. கோட்பாடு ஏறிவிட்டது, ஆதாரம் ஏறவில்லை. அதனால்தான் மேலே அத்தனை கடிதம், ரசீது, படம்.

பெண் என்பதற்காக மட்டும் எவ்வளவு குறைகிறது என்பதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். மேற்கு வங்கத்தில் ஒரே உரையை ஆண் குரலிலும் பெண் குரலிலும் பதிவு செய்து கிராமத்தாருக்குப் போட்டுக் காட்டினார்கள். ஆய்வு 2009-ல் வெளியானது. பெண் தலைவரைக் கண்டிராத ஊர்களில், அதே சொற்களுக்கு ஆண்கள் பெண் குரலுக்குக் குறைவான மதிப்பெண் போட்டார்கள். ஒதுக்கீட்டால் பெண் தலைவர்களைக் கண்ட ஊர்களில் அந்த இடைவெளி போய்விட்டது. ஆனால் "யார் தலைவராக வேண்டும்" என்று நேராகக் கேட்டால் ஆண்தான் என்ற விருப்பம் மாறவில்லை. திறமை உண்டு என்று ஒத்துக்கொள்வார்கள், நாற்காலியைத் தர மாட்டார்கள்.

தலைவரின் கணவர் ஆட்சி செய்வது பற்றி நிறைய எழுதப்படுகிறது. பட்டியல் சாதிப் பெண்களின் விஷயத்தில் அது பாதிக் கதை. பல ஊர்களில் பின்னால் இருப்பது கணவர்கூட இல்லை. கணவர் வேலை செய்யும் நிலத்தின் சொந்தக்காரர். வேட்புமனுக் கட்டணம் கட்டியவரும் அவர்தான். அவரை மீறிக் கையெழுத்து மறுத்தால் அன்று மாலையே கணவருக்கு வேலை போகும், பழைய கடன் கேட்கப்படும். கணவரைக் கூட்டத்துக்கு வரக் கூடாது என்று சுற்றறிக்கை போடுவதால் இந்தப் பூட்டு திறக்காது.

நீக்கும் மனு வந்துவிட்டால், விளக்கம் கேட்கும் நோட்டீஸுக்குக் குறித்த தேதிக்குள் பதில் போக வேண்டும், குற்றச்சாட்டு எண் வாரியாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆவணத்தோடு. நேரில் சொல்லிவிட்டு வந்தால் "விளக்கம் தரவில்லை" என்றே பதிவாகும். 2024-ல் மகாராஷ்டிரத்திலும் சத்தீஸ்கரிலும் நீக்கப்பட்ட இரண்டு பெண் தலைவர்களை உச்ச நீதிமன்றம் பதவியில் திரும்ப அமர்த்தியது. சத்தீஸ்கர் வழக்கில் வேலை தாமதம் என்பது குற்றச்சாட்டு. பணி ஆணையே அவர் கைக்குத் தாமதமாகத்தான் வந்திருந்தது. அவருக்கு 1 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது நீதிமன்றம். ஆணை என்றைக்குக் கையில் வந்தது என்ற ஒரு தேதியில் அந்த வழக்கு நின்றது. உள்வரும் ஒவ்வொரு காகிதத்திலும் பெற்ற தேதியை எழுதிச் சுருக்கொப்பம் இடும் பழக்கம் முதல் நாளிலிருந்தே வேண்டும்.

2019-ல் 27 மாவட்டங்களில் தேர்வான ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். தணிக்கைத் தடை, அதாவது கணக்கில் தணிக்கையாளர் எழுப்பும் ஆட்சேபம், பெரும்பாலும் பதவிக்காலம் முடிந்த பிறகுதான் வரும். அப்போது பதிவேடுகள் வேறொருவர் அலமாரியில் இருக்கும், கேள்வி மட்டும் முன்னாள் தலைவர் வீட்டு வாசலுக்கு வரும். ஒப்படைக்கும் நாளில் பதிவேடு, காசோலைப் புத்தகம், சாவி, மோட்டார், குழாய் என ஒவ்வொன்றையும் எண்ணிக்கையோடு பட்டியல் போட்டு, பெற்றுக்கொண்டவர் கையெழுத்தோடு ஒரு படியை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும்.